துரு தின்ற ஏழாவது சொல்

என் வங்கிக் கணக்கு முடங்கியது போன வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மருந்துக் கடையில் நின்று அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குப் போனில் பணம் அனுப்பினேன். போகவில்லை. மறுபடி அனுப்பினேன். அப்போதும் போகவில்லை. கடைக்காரர் மாத்திரையைக் கையில் கொடுத்து, பிறகு தாருங்கள் என்றார். சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

மதியம் வங்கிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. வடக்கே ஒரு மாநிலத்துச் சைபர் போலீஸ் என் கணக்கை முடக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தது. அங்கே ஒரு முதியவரை யாரோ போனில் மிரட்டி, ஓய்வூதியச் சேமிப்பைப் பறித்திருக்கிறார்கள். அந்தப் பணம் இரண்டு மூன்று கை மாறி, ஒரு பகுதி என் கணக்குக்கு வந்திருக்கிறது. வங்கி மேலாளராக இருந்த அம்மா கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் என் பெயருக்கு மேலே ஆங்கிலத்தில் சந்தேக நபர் என்று போட்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் பெயர் ஜெனிட்டா. சொந்த ஊர் மணப்பாடு. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வருகிற, போகிற கன்டெய்னர்களின் காகித வேலை எங்களுடையது. என் வீட்டுக்காரர் ராயப்பன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பகுதியில் இருக்கிறார். அவருடைய கம்பெனி வெளிநாட்டுச் சின்னக் கம்பெனி. அவர்கள் நாட்டிலிருந்து வங்கி வழியாகப் பணம் அனுப்புவது சிரமம் என்று, சம்பளத்தை டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காயினாகத் தந்தார்கள். அது என் போனில் இருந்த வாலட் என்கிற டிஜிட்டல் பணப்பைக்கு வரும். நான் ஒரு ஆப் வழியாக அதை விற்பேன். வாங்குகிறவர் என் கணக்கில் ரூபாய் போடுவார்.

இதில் என் தப்பும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்கள் முன்னால் ஆண்டவருக்குச் சாட்சி சொல்வது சரியில்லை. வழக்கமாக வாங்குகிற ஒரே ஆளிடம்தான் விற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மே மாதம் முன்பின் தெரியாத ஒருவர் கொஞ்சம் கூடுதல் விலை சொன்னார். நான் அவருக்கு விற்றேன். அவர் என் கணக்கில் போட்டதுதான் அந்த முதியவரிடம் பறித்த பணம். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

கம்பெனி தந்த சம்பளத்தைத்தான் விற்றேன் என்பதற்கு ஆதாரம் கொடுங்கள், போலீசுக்கு எழுதுவோம் என்றார் மேலாளர். வீட்டுக்கு வந்து தேடினேன். விற்ற ஆப் திறக்கவே இல்லை. அந்த நிறுவனம் இந்தியாவில் கடையை மூடிவிட்டிருந்தது. வாலட் இருந்த பழைய போன், அதற்கு முந்தின வாரம்தான் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மழைத் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தது. புதுப் போனில் வாலட்டை இறக்கினேன். அது பன்னிரண்டு சொற்களைக் கேட்டது.

வாலட்டுக்கு அந்தப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்தான் சாவி. வரிசை மாறாமல் கொடுத்தால் எந்தப் போனிலும் திறந்துவிடலாம். வீட்டுக்காரர் கப்பலுக்குப் போகுமுன் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி, அவருடைய சான்றிதழ் நகல்களோடு குண்டூசி குத்தி பீரோவில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் குண்டூசி துருப்பிடித்து, தாளின் வலது மேல் மூலையைத் தின்றிருந்தது. ஏழாவது சொல்லில் முதல் நாலு எழுத்து தெரிந்தது. மீதி இருந்த இடத்தில் பழுப்பு நிற ஓட்டை.

எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை.

வியாழக்கிழமை ஆபீசில் விஷயம் தெரிந்துவிட்டது. முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் கோபப்படவில்லை.

"ஏம்மா, நான் ஒன்னயச் சந்தேகப்படல. ஆனா அடுத்த மாசம் ஒனக்குத் துறைமுக பாஸ் புதுப்பிக்கணும்லா. போலீஸ் சான்று கேப்பாங்க. இது முடியுத வரைக்கும் வீட்ல இரி" என்றார்.

பாஸை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பதினாறு வருடத்தில் அது என் கழுத்தில் இல்லாமல் நான் அந்த வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சமைத்தேன். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேன். தெருவில் யாராவது என்னளா வேலைக்குப் போகலியா என்று கேட்டால், லீவு என்று பொய் சொன்னேன். பூசைக்குப் போனேன். எல்லோரும் எழுந்து போய் நற்கருணை அப்பம் வாங்கி முடிக்கும் வரை, எனக்குத் தகுதியில்லை என்று பெஞ்சிலேயே இருந்தேன். ஆண்டவரே, பணத்தைத் திருப்பிக் கொடும் என்று மட்டும்தான் செபித்தேன். ஒருநாள் வேறு மாதிரி கேட்டேன். இத்தனை பெரிய உலகத்தைத் தாங்குகிற உம்மால் ஒரு தாளில் ஒரு சொல்லைக் காப்பாற்ற முடியாதா என்று. அது செபமில்லை, சண்டை. ஆனால் அதையும் அவர் கேட்டுக்கொண்டார் என்று இப்போது நம்புகிறேன்.

வாலட் பிரச்சினைகளைப் பேசுகிற ஒரு குழுவில் என் கஷ்டத்தை எழுதினேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். வாலட் நிறுவனத்தின் உதவிப் பிரிவு என்றார். படத்தில் கோட்டு போட்ட ஆள். நல்ல ஆங்கிலம். பழைய பரிவர்த்தனை எல்லாவற்றையும் எடுத்துத் தருகிறேன், பன்னிரண்டு சொற்களை மட்டும் அனுப்புங்கள் என்றார். எனக்கு அழுகை வந்தது. செபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். தாளைப் பக்கத்தில் வைத்து, அனுப்புமுன் போனில் குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒவ்வொன்றாக அடித்தேன். ஆறு சொல் அடித்தேன். ஏழாவதில் விரல் நின்றது.

ஒரு சொல் தெரியவில்லை என்று அவருக்கு எழுதினேன். பரவாயில்லை, தாளைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றார். ஏழாவது சொல் படத்தில் விழுமா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். விழாது. ஆபீசில் என் பக்கத்து மேசையில் இருக்கிற இசக்கியம்மாளுக்கு எழுத்து அழிந்த பில்களைக்கூடப் படித்துவிடுகிற கண். அவளிடம் கேட்போம் என்று போன் போட்டேன். நான் சொல்லி முடிக்குமுன்பே அவள் நிறுத்தினாள்.

"ஏளா, அந்தத் தாள கீழ வையி. ஒருத்தனுக்கும் அனுப்பாத. சாவிய வழிப்போக்கன் கையில குடுத்துட்டு அவனயே வீட்டுக்குக் காவல் வைப்பியா?"

அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆளிடமிருந்து செய்தி மேல் செய்தியாக வந்தது. பத்து நிமிடத்தில் அனுப்பாவிட்டால் வாலட் நிரந்தரமாக அழிந்துவிடும் என்றார். பிறகு திட்டினார். உதவி செய்ய வந்தவர் திட்டுவாரா? அடித்து வைத்திருந்த ஆறு சொற்களையும் அழித்தேன்.

எனக்குத் தெரியாத ஒன்று அன்றைக்கு இருந்தது. ஜூன் மாதச் சம்பளம் அந்த வாலட்டுக்கு அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. பன்னிரண்டு சொல்லும் தெளிவாக இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் அனுப்பியிருப்பேன். நான் யாரிடமும் போன் போட்டுக் கேட்டிருக்க மாட்டேன். எந்த ஓட்டையைக் காட்டி ஆண்டவரிடம் சண்டை போட்டேனோ, அந்த ஓட்டைதான் என்னை நிறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது இசக்கியம்மாள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஆபீஸ் லேப்டாப். அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அவள் சாமி வேறு, என் சாமி வேறு. ஆனால் அந்த நாட்களில் என் வீட்டுப் படி ஏறியவள் அவள் ஒருத்திதான். இந்த வாலட் சொற்களெல்லாம் ஒரே ஒரு பட்டியலில் இருந்துதான் வரும், அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது என்று அவள் படித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். பட்டியலைத் திறந்து நாலு எழுத்தைத் தேடினோம். ஒரே ஒரு சொல் இருந்தது. நான் ஒருநாளும் பேசியிராத சொல். என் போனில் நானே அதை அடித்தேன். வாலட் திறந்தது.

உள்ளே பூஜ்யம்.

பழைய வரவு செலவு ஒன்றுமே இல்லை. வெள்ளைத் திரை. நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுவது அம்மாவுக்குக் கேட்க வேண்டாம் என்றுதான். அங்கே நின்று செபித்தேன். இந்தத் தடவை பணத்தைக் கேட்கவில்லை. நான் களவாணி இல்லை என்று யாராவது ஒருவருக்காவது தெரியட்டும் ஆண்டவரே என்றேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது இசக்கியம்மாள் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரக்கு அனுப்பிய கம்பெனி இழுத்து மூடிவிட்டது, ஆனால் கன்டெய்னர் கொழும்பில் இறங்கியிருக்கிறது என்றாள். கம்பெனியே இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கம்பெனி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? பெட்டி நம்பர் இருக்குல்லா. அது எந்தத் துறைமுகத்துல ஏறுச்சு, எங்கன இறங்குச்சுன்னு நம்பரைப் போட்டா வந்துட்டுப் போவுது."

பதினாறு வருடமாக நான் செய்கிற வேலை அது. வாலட்டுக்கும் ஒரு நம்பர் உண்டே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகவரி என்பார்கள். நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். காயின் போன் உள்ளே இருப்பதில்லை. அதன் போக்குவரத்து எல்லாம் உலகத்துக்கே பொதுவான ஒரு பதிவேட்டில் இருக்கிறது. போன் செத்தாலும், ஆப் மூடினாலும் அந்தப் பதிவு அழியாது. வீட்டுக்காரரின் சம்பள மெயில்கள் எனக்கும் வரும். ஒவ்வொன்றிலும் எங்கள் முகவரி இருந்தது. அதை எடுத்து, இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய அந்தப் பதிவேட்டில் போட்டுத் தேடினோம்.

வரிசையாக வந்தது. இரண்டு வருடம். ஒவ்வொரு மாதமும் கம்பெனி அனுப்பியது, நான் விற்றது, நாள், மணி, நிமிடம் வரை. காயின் வருகிற வழித்தடங்கள் பல உண்டு, நெட்வொர்க் என்பார்கள்; எங்கள் காயின் வந்த தடத்தைப் புதுப் போனின் வாலட்டில் நாங்கள் இயக்கி வைக்கவில்லை. அதனால்தான் பூஜ்யம் காட்டியது. இயக்கியதும் ஜூன் மாதச் சம்பளமும் தெரிந்தது. இசக்கியம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்கத் தயார் செய்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே மாத வரியில் காயின் காலை பதினொன்றே காலுக்கு வெளியே போயிருந்தது. வங்கி தந்த கணக்குத் தாளில், பதினொன்றரைக்கு ரூபாய் என் கணக்கில் ஏறியிருந்தது. அந்தக் காயின் முந்தின வாரம் கப்பல் கம்பெனியிடமிருந்து வந்தது என்பதும் பதிவேட்டிலேயே இருந்தது. சம்பள மெயில்களோடு அதைச் சேர்த்து, மேலாளர் அம்மா சொன்ன மாதிரி ஆங்கிலத்தில் கடிதம் எழுதி அந்தப் போலீசுக்கு அனுப்பினேன். மெயிலிலும் அனுப்பினேன், பதிவுத் தபாலிலும் அனுப்பினேன்.

நாலு வாரம் பதில் இல்லை. ஐந்தாவது வாரம் ஒரு அதிகாரி கூப்பிட்டார். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினோம். என் காகிதங்கள் சரியாக இருக்கின்றன, என் பெயரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுக்கிறோம் என்றார். நான் கொடுத்த பதிவை வைத்து, வாங்கியவனின் கூட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். கணக்கு திறந்துவிடும், அந்த முதியவரிடமிருந்து வந்த தொகை மட்டும் வழக்கு முடியும் வரை நிற்கும், நீங்கள் உரிமை கேட்டு வாதாடலாம், அல்லது சம்மதித்தால் அவருக்கே போகும் என்றார்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னைக் கேட்டால் வாதாடத்தான் நினைத்தேன். காயினைக் கொடுத்துத்தானே பணம் வாங்கினேன்? அந்த வாரம் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். கூடுதல் விலைக்கு ஆசைப்பட்டதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் முதலில் கேட்டது இதுதான்.

"அந்த மனுசனுக்கு என்ன வயசாம்?"

எழுபத்தெட்டு என்றேன்.

"அப்ப அது அவருக்கே போகட்டும். நான் ஒரு மாசம் கூட இங்கன இருந்துக்கிடுதேன்."

ஒரு மாதம் கூட இருந்தால் செப்டம்பரில் எங்கள் ஊர்க் குருசுக் கோயில் திருவிழாவுக்கு வர முடியாது. மூன்று வருடமாக அவர் அந்தத் திருவிழாவுக்கு வந்ததில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் சம்மதக் கடிதம் அனுப்பினேன்.

ஆகஸ்டில் கணக்கு திறந்தது. வேலைக்குத் திரும்பியபோது அண்ணாச்சி பாஸை என் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார், அதைப் புதுப்பிக்க விண்ணப்பத்தையும் எழுதித் தந்தார். அந்த ஞாயிறு பூசையில் எழுந்து போய் நற்கருணை வாங்கினேன். திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு தனியாகத்தான் மணப்பாடு போனேன். கடல் இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி வேண்டினேன். அந்த முதியவருக்காகவும் வேண்டினேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பணம் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் தெரியும்.

இப்போது கம்பெனியோடு பேசி, சம்பளத்தை வங்கி வழியாகவே வாங்குகிறோம். தாமதமாக வருகிறது, வரட்டும். வீட்டுக்காரரிடம் நான் எதையும் மறைப்பதில்லை. கப்பலுக்குப் போனவர்களின் வீடுகளில் இந்த வாலட் சிக்கல் நிறைய இருக்கிறது. என்னைத் தேடி வருகிறார்கள். பன்னிரண்டு சொல்லை என்னிடம்கூடச் சொல்லாதீர்கள் என்றுதான் ஆரம்பிப்பேன். பிறகு முகவரியைக் கேட்டுப் பதிவேட்டில் தேடித் தருவேன். காசு வாங்குவதில்லை.

அன்பானவர்களே, எனக்குப் பெரிய தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. வானத்திலிருந்து சத்தம் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரி ஒருத்தி லேப்டாப்போடு வந்தாள், அவ்வளவுதான். பணத்தைக் கேட்டேன், ஆண்டவர் என் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் கதவு அடைபட்டிருக்கலாம். யாருக்கும் சொல்ல முடியாமல் நீங்களும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வரவில்லையென்றால் சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டு, நம்புகிற ஒரு ஆளுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.