வாசல் தாண்டிய பூட்ஸ்

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு முன்னால் நீளமான பலகை போட்டு, வீட்டில் உழைக்கிற பொருள்களை எல்லாம் வரிசையாக வைப்போம். கதிர் அரிவாள், மண்வெட்டி, மோட்டார் கொட்டகைச் சாவி, அண்ணன் ஓட்டும் கம்பெனி வேனின் சாவி, நான் காலேஜில் வைத்திருந்த கால்குலேட்டர். அரிவாளுக்கும் வேன் சாவிக்கும் நடுவில் ஒரு பூட்ஸ் நிற்கும். ஒற்றைப் பூட்ஸ். சாம்பல் நிறம், முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை உயரம், இழுத்து ஒட்டுகிற பட்டைகள். அதற்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, மேலே ஒரு துண்டு சாமந்திச் சரம் போட்டிருப்பாள் அம்மா. கல்யாணமான வருஷம் அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "உங்க வீட்டுல செருப்புக்குக்கூட பூஜை உண்டா?" என்று என் காதோரம் கேட்டார். அம்மாவின் காதில் விழுந்திருந்தால், மாப்பிள்ளை என்றும் பார்த்திருக்க மாட்டாள்.

ஏனென்றால் செருப்பு விஷயத்தில் அம்மாவைப் போல் ஒருத்தியை உத்திரமேரூர் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. வாசலுக்கு வெளியே ஓரமாக ஒரு கல் கிடக்கும். வருகிறவர் யாரானாலும் காலில் இருப்பது அந்தக் கல்லோடு நின்றுவிட வேண்டும். மீட்டர் பார்க்க வந்த மனிதர் அவசரத்தில் ஷூவோடு ஒரு கால் உள்ளே வைத்துவிட்டார் என்று, அவர் போன பிறகு வீட்டையே கழுவிவிட்டாள். குலதெய்வப் படம் நடுக்கூடத்தில் இருக்கிறது, அது காரணம். அப்பா காலமான பிறகு நிலத்தையும் வீட்டையும் ஒற்றையாய்க் கட்டிக் காத்தவள், தான் போட்ட சட்டத்தைத் தானே தளர்த்தினால் எல்லாம் தளர்ந்துவிடும் என்று நினைத்தாள், அதுவும் காரணம்.

அந்த வீட்டுக்குத்தான் அண்ணி மருமகளாக வந்தார். கூரத்துப் பக்கத்துப் பெண், கபடி ஆட்டக்காரர். எதிராளிகள் நிற்கிற பாதிக்குள் தனியாகப் பாடிக்கொண்டு போய், தொட்டுவிட்டுத் திரும்பி வருகிற ரெய்டர். அண்ணன் ஒரு போட்டியில் அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் ஆடுவேன் என்று அண்ணி முதலிலேயே சொன்னார். அம்மா யோசித்தாள். "ஆடு, நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? வெள்ளிக்கியம வெளக்கு வைக்கிற நேரத்துக்கு மட்டும் வூட்ல இருக்கணும். மருமவ கையால வெளக்கு எரியணும்" என்றாள். அண்ணி சரி என்றார். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அந்த வாக்கு தவறியதில்லை. ஒரு முறை ஆட்டம் முடிந்த கையோடு, முழங்காலில் அப்பிய மண்ணைக்கூடத் துடைக்காமல் டவுன் பஸ் பிடித்து ஓடி வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு விளக்கேற்றினார்.

அவருக்கு அப்போது ஒரே ஒரு கனவு. ஓர் அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், அடுத்த வருஷம் வந்து ஆடிக் காட்டு என்று சொல்லியிருந்தார்கள். எடுபட்டால் ஆட்டமும் உண்டு, வேலையும் உண்டு. வயதும் ஏறிக்கொண்டிருந்தது. விட்டால் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள்.

சாலவாக்கம் பக்கத்தில் ஒரு போட்டி. நானும் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அண்ணி ஒருத்தியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கித் தாவத் திரும்பினார். வலது காலை ஊன்றித் தள்ளிய நொடியில் அப்படியே சரிந்தார். விழுந்த மாத்திரத்தில் தலையைத் திருப்பி, "எவடி பின்னால ஒதைச்சது?" என்று கோபமாகக் கேட்டார். பின்னால் ஈ காக்கை இல்லை. குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய நரம்பு அறுந்தால் அப்படித்தான் யாரோ உதைத்தது போல் இருக்குமாம். நரம்பு என்று நாங்கள் சொன்னோம். காஞ்சிபுரத்து டாக்டர் அதைத் தசைநாண் என்று திருத்தினார். பெயர் எதுவானால் என்ன, அறுந்தது அறுந்ததுதானே.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு இந்தப் பூட்ஸைக் காலில் மாட்டினார்கள். உள்ளே குதிகாலுக்கு அடியில் அட்டைகள் அடுக்கியிருக்கும். குதிகாலை உயரமாக வைத்தால் தைத்த இடம் இழுபடாது. ஆற ஆற ஒவ்வோர் அட்டையாக எடுத்துக்கொண்டே வருவார்கள். "தூங்கும்போதுகூடக் கழட்டக் கூடாது. வீட்டுக்குள்ள ஒரு அடி வெறுங்கால்ல வைக்கக் கூடாது. குந்தி உட்காரக் கூடாது. எண்ணெய் போட்டு நீவுறேன்னு யார் வந்தாலும் விடாதீங்க" என்று பிசியோதெரபி மேடம் அம்மாவைப் பார்த்தே சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வேனில் வீடு வந்து சேர்ந்து, வாசற்படி அருகே இறங்கியதும்தான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. பூட்ஸ் உள்ளே போக வேண்டும். அம்மா கல்லைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள். அண்ணியே, "நான் வெளிய ஷீட்டுக்கு கீயவே இருக்கேன் அத்தை. காத்தாட கீது" என்றார்.

வீட்டை ஒட்டிப் போட்ட தகர ஷீட்டுக்கு அடியில், பைக்கு நிறுத்துகிற இடத்தில் கட்டில் வந்தது. அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மருமகளுக்குச் சோறு ஊட்டாத குறைதான். ராத்திரி தானும் அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். கொசுவுக்குப் புகை போட்டாள். ஆனால் பூட்ஸை மட்டும் உள்ளே விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் போனேன். "உன் வேலையப் பாருடி" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாள். அண்ணி கால்விரலை மடக்கி நீட்டிக்கொண்டு, தொடையை இறுக்கித் தளர்த்திக்கொண்டு, மேடம் சொல்லிக் கொடுத்ததைச் செய்துகொண்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் ரொட்டியும் ஆர்லிக்ஸும் கொடுத்துவிட்டு, "கத்தி வச்ச காலு, இனிமே இன்னா கபடி? போதும்மா, புள்ளகுட்டியப் பெத்துக்கினு வூட்டப் பாரு" என்று இலவசமாக யோசனையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அண்ணி எல்லோருக்கும் சிரித்துவைத்தார். அவர்கள் போன பிறகு சிரிப்பும் போய்விடும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. கழனியில் நடவு. மற்ற வெள்ளிக்கிழமைகளில் அம்மா விளக்கைக் கட்டிலுக்கே கொண்டுவந்து அண்ணி கையால் ஏற்றி உள்ளே எடுத்துப்போவாள்; அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் திரும்ப நேரமாகிவிட்டது. நான் காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்துகொண்டே ஓடி வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. வாசல் கல்லுக்குப் பக்கத்தில், எங்கள் ரப்பர் செருப்புகளோடு செருப்பாக, அந்தப் பூட்ஸ் பட்டைகள் பிரிந்து ஒழுங்காக நின்றிருந்தது. செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். உள்ளே நடுக்கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே தரையில் அண்ணி குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும், "வெளக்கு ஏத்திட்டேன்" என்றார். அதுதான் முதல் வார்த்தை. ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஈரத்தில் வழுக்கி, வெறுங்கால் தட்டையாக ஊன்றிவிட்டது.

அம்மா வந்தாள். சேற்றுக் காலோடு வாசலில் நின்று பூட்ஸைப் பார்த்தாள். உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். அந்தச் சேற்றுக் காலைக் கழுவாமலேயே உள்ளே ஓடி வந்து அண்ணியைத் தூக்கினாள். என் வாழ்க்கையில் அம்மா கால் கழுவாமல் வீட்டுக்குள் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அண்ணன் வேனை எடுத்தார். காஞ்சிபுரம் போய்ச் சேரும் வரை அம்மா அண்ணியின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குலதெய்வத்தோடு போடாத சண்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். "உனுக்கு வெளக்கு வைக்கப் போயிதானடி வியுந்தா எம் புள்ள? நீ பார்த்துக்கினு சொம்மாவா இருந்த?" என்று சாமியை டி போட்டுப் பேசினாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், அறுந்து போகவில்லை, பிழைத்தது என்றார். ஆனால் தைத்த இடம் இழுபட்டிருக்கிறது. எடுத்த அட்டைகளை எல்லாம் திரும்ப வைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அண்ணி கேட்டது ஒரே கேள்வி, அடுத்த வருஷம் ஆடிக் காட்ட முடியுமா என்று. டாக்டர் உதட்டைப் பிதுக்கி, "இன்னொரு தடவை இப்படி ஆகாம இருந்தா பார்க்கலாம்" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஆட்டத்தில் தோற்றபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீடு வந்ததும் அம்மா எங்களை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு சொம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தாள். ஆரத்தி சுற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அண்ணியை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்து, தான் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பூட்ஸ் போட்ட அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, அடிப்பாகத்தை மஞ்சள் தண்ணீரால் தேய்த்துக் கழுவினாள். பதறிப்போன அண்ணி, "அய்யோ அத்தை, செருப்ப போயி நீங்க..." என்று காலை இழுத்தார். அம்மா விடவில்லை. முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள்.

"இது செருப்பா? இது உன் காலு. கால கயட்டி வெளிய வுட்டுட்டு எவளாச்சும் வூட்டுக்குள்ள வருவாளா? போட்டுக்கினே வா உள்ள."

அண்ணி பூட்ஸோடு வாசலைத் தாண்டினார். நடுக்கூடத்தில், குலதெய்வப் படத்துக்கு நேராக, ரப்பர் அடிப்பாகம் சிமெண்டுத் தரையில் கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது. அன்றைக்கு வானம் இடிந்துவிடவில்லை. அம்மா அடுப்பில் ரசம் வைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கி இறக்கப் பழகினால், எதிரே இன்னொரு நாற்காலி போட்டு அம்மாவும் தூக்கி இறக்குவாள். அண்ணி கால்விரலால் பழம்புடவையைச் சுருட்டி இழுத்தால், அம்மா மறுமுனையைத் தன் விரலால் இழுப்பாள். மருமகளும் மாமியாரும் புடவையைக் காலால் இழுத்துச் சண்டை போடுவதைப் பார்க்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி பழைய பாட்டையே பாடி, "இன்னும் எதுக்கு அந்தப் பொண்ண பேஜார் பண்றீங்க?" என்று ஆரம்பித்தாள். அம்மா குதிகாலை இறக்காமலே, "எம் மருமவ ஆடுவா. நீ போயி உன் மருமவளுக்குப் புத்தி சொல்லு" என்றாள். நான் எழுந்து ஆடாத குறை.

பூட்ஸைக் கழற்றி, சாதா ஷூவில் நடந்து, இரண்டு காலாலும் எம்பப் பழகி, கடைசியாக மேடம் ஒரு பயிற்சி சொன்னார். படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, ஆப்பரேஷன் செய்த ஒற்றைக் காலால் உடம்பு முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அது வந்துவிட்டால் ஓடலாம் என்றார். எங்கள் வீட்டில் பிடித்துக்கொள்ள வாகான நிலையோடு இருக்கிற படி ஒன்றே ஒன்றுதான், அது தலைவாசல். அங்கே நிற்கக் கூடாது, லட்சுமி வருகிற வழி என்று எங்களைச் சின்ன வயதிலிருந்து விரட்டியவள் அம்மா. அண்ணி தயங்கி நின்றார். அம்மா சொன்னாள்: "நில்லும்மா. அவளும் பொம்பளதானே, கொஞ்சம் ஒதுங்கிக்கினு போவா."

பல நாள் அந்தக் குதிகால் அசையவே இல்லை. நடுங்கும், அப்படியே உட்கார்ந்துவிடும். ஒரு காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். நிலையைப் பிடித்தபடி அண்ணி நின்றிருந்தார். கால் நடுங்கியது, கெண்டைச் சதை திரண்டது, குதிகால் எழும்பியது. எழும்பி அப்படியே நின்றது. "அத்தை!" என்று ஒரு கூச்சல். அம்மா மாவுக் கையோடு ஓடி வந்து, குனிந்து, குதிகாலுக்கும் படிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் விரலை விட்டுப் பார்த்தாள். நான் பஸ்ஸை விட்டேன். வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

அடுத்த பொங்கல் போட்டிக்கு அம்மா முதல் முறையாக ஆட்டம் பார்க்க வந்தாள். அண்ணி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, பாடிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பேர் வளைத்துவிட்டார்கள். ஒருத்தியின் தோளைத் தொட்டுவிட்டு, திரும்பி, ஊன்றி, ஒரே தாவு. கை நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. விசில் பறந்தது. ஆட்டம் முடிந்து வந்தவரிடம் அம்மா கேட்டது இவ்வளவுதான்: "எந்தக் காலு தள்ளிச்சி?" அண்ணி மண் அப்பிய முகத்தோடு சிரித்து, "ஆப்பரேசன் காலுதான் அத்தை" என்றார். அம்மா அங்கிருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ராணி பார்ப்பாளே, அப்படி. துறை அணிக்கு ஆடிக் காட்டியதும், எடுபட்டதும் அதே வருஷத்தில் நடந்தது. இன்றைக்கும் அண்ணி அந்த வேலையில்தான் இருக்கிறார். அணியின் சின்னப் பெண்கள் அவரிடம்தான் ரெய்டு பழகுகிறார்கள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் போனபோது வரிசையில் பூட்ஸைக் காணோம். அரிவாளுக்கும் வேன் சாவிக்கும் நடுவில் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. பலகையின் மேல் வெறும் சந்தனமும் குங்குமமும். பூட்ஸ் எங்கே என்று பதறிக் கேட்டேன். அண்ணி கதை சொன்னார். ராஜகுளத்துப் பக்கம் ஒரு பெண், ஓட்டக்காரி, அதே இடத்தில் அறுந்து, அதே ஆப்பரேஷன். அவளுடைய அம்மா கேள்விப்பட்டுத் தேடி வந்து, அந்தப் பூட்ஸ் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அது அம்மாவின் பூஜைப் பொருளாயிற்றே என்று அண்ணி அம்மாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அம்மா உடனே எழுந்து போய், மஞ்சள் கரைத்து அடிப்பாகத்தைக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்துக் கையில் கொடுத்தாளாம்.

வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் வாசல் வரைக்கும் போய்விட்டு, தயங்கி நின்று கேட்டிருக்கிறாள்: "தப்பா நெனைக்காதீங்க. டாக்டரு உள்ளயும் போட்டுக்கணும்ன்றாரு. எங்க வூட்ல சாமி கீது. இத்த போட்டுக்கினு எப்டி...?"

"எங்க வூட்லயும் கீது. ஒண்ணியும் சொல்லல" என்றாளாம் அம்மா. "உங்க சாமி எதுனா சொன்னா என்னாண்ட அனுப்பு. நான் பேசிக்கிறேன்."