பின்னால் ஓர் எஞ்சின்

எங்கள் அமெரிக்க ஊரான டப்ளினிலிருந்து கடலோர மியூசியம் வரை, ஃப்ரீவேயில் முதன்முறையாக நான் காரை ஓட்டினேன். பக்கத்து சீட்டில் கணவர், இல்லாத பிரேக்கை மிதித்தபடி, "ஸ்லோ பண்ணு! லேன் சேஞ்ச் பண்ணாத!" என்று வழியெல்லாம் உயிரை வாங்கினார்.

மியூசியத்தில் அந்தக் கால இரட்டை இறக்கை விமானத்தின் மாதிரி ஒன்று இருந்தது. எஞ்சின் பின்னால், விமானி முன்னால், திறந்தவெளியில், தன்னந்தனியாக. மியூசியத்துக்கு வெளியே தெரிந்த விரிகுடாவில் நின்ற கப்பல்மேல் அப்படியொன்றை இறக்கினாராம் ஒருவர்.

"பாருங்க, அவருக்குப் பக்கத்து சீட்டே இல்ல," என்றேன்.

வீடு திரும்பும்போது கணவர் தானாகவே பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். எனக்குக் கண்கூடக் கலங்கியது. ஃப்ரீவே ஏறியதும் ஆரம்பித்தார்: "பிரேக்! பிரேக்!"

முதுகுக்குப் பின்னால் எஞ்சின் இரைய இரையத்தான் அந்த விமானியும் கப்பலில் இறங்கியிருப்பார். நானும் வீடு வந்து சேர்ந்தேன்.