மேடு ஏறும்வரை ஒரு தூக்கம்

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் கடை ஆரம்பிப்பது பற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். போர்டு எப்படி இருக்கணும், லைட்டு எங்கே போடணும், எதிர்க்கடையில் இல்லாத சாமான் எது என்று எல்லாம் பேசினீர்கள். வாங்க வருகிற ஆளைப் பற்றி மட்டும் பேச்சு வரவே இல்லை. எனக்கு வாயால் சொல்ல வராது, பாதியில் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு காலைப் பொழுதில் நான் கண்ணால் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி என்னுடையது இல்லை, போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. விடியும் முன்னே பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி, தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றி, மலை ஏறி, உச்சியில் இருக்கிற போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் விடணும். சாயந்தரம் திரும்பக் கூட்டி வரணும். அதே தோட்டத்துக்கு இன்னொரு ஜீப்பும் போனது. எதில் ஏறுவது என்பது அந்தப் பெண்களின் இஷ்டம்.

வண்டிக்கு நான் பார்க்காத பவிசு இல்லை. புது ஹாரன், சீட்டுக்குச் சிவப்பு ரெக்சின். மதுரைக்குப் போய் ஒரு டேப்செட்டு வேறு வாங்கி மாட்டினேன். போடியில் சாவியைத் திருகினால் மெட்டில்தான் மூச்சு விடுவேன். அந்த ரோட்டில் என்னை முந்திப் போனவன் கிடையாது.

அந்த இன்னொரு ஜீப்போ ஓட்டை வண்டி. ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். ஓட்டுகிறவன் என் வயசுக்காரன், அதிகம் பேச மாட்டான். சிலமலையிலிருந்து முதல் பஸ்சில் வந்து இறங்குகிற பெண்கள் நேராக அவனிடம்தான் போவார்கள். அதில் இடமில்லாமல் மிஞ்சியவர்கள் எனக்கு. கொஞ்ச நாளில் மிஞ்சியவர்களும் அவன் வண்டியிலேயே இடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் பொறுக்காமல், அவர்களில் மூத்தவளான ஒரு அக்காவிடம் கேட்டேன். "ஏக்கா, அந்த மாட்டு வண்டியில போனா நீங்க ஏலக்காடு போய்ச் சேர மத்தியானம் ஆயிரும். நம்ம வண்டியில வாங்க, வெரசாக் கொண்டுபோய் விடுறேன்."

"வெரசாப் போயி என்னப்பு செய்ய? மொத ஆளாக் காட்டுக்குள்ள எறங்குனா மாலையா போடப் போறாக?" என்றாள். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பாட்டு இருக்குல்ல வண்டியில?"

"இருக்கு இருக்கு. நீயே கேட்டுக்கிட்டுப் போ மாப்ளே" என்றாள் இன்னொருத்தி. மறுபடியும் சிரிப்பு.

அந்த வாரம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "இந்த மாசமும் வண்டி காலியா மலை ஏறுச்சுன்னா சாவியக் குடுத்துட்டு வேற சோலி பாத்துக்கப்பா" என்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். உங்களில் மூத்தவள் அப்போது தொட்டிலில். எனக்கு ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு சோலி தெரியாது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் பார்த்து, பாதிப் பேர் என் ஜீப்பில்தான் வரணும் என்று உத்தரவு போடச் சொல்லிக் கேட்பது. பிரேக் வேலைக்காக வண்டியைப் பட்டறையில் விட்டிருந்த ஒருநாள், அந்த ஓட்டை ஜீப்பின் பின்படியில் தொற்றிக்கொண்டு கிளம்பினேன். முகம் உள்பக்கம் பார்த்தபடி, இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் வரை ஒரே பேச்சு. மாமியார், ரேசன் மண்ணெண்ணெய், தேவாரத்துப் பக்கம் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்த கதை. ஏற்றம் தொடங்கியதும் பேச்சு ஒவ்வொன்றாக அணைந்தது. கதை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் நின்றாள். ஏதோ கோபமோ என்று குனிந்து பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவளும் தூங்கினாள். எதிர்வரிசை முழுக்கத் தூக்கம்.

மேலே போகப் போக வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு வளைவில் திரும்பினால் கிழக்கு வெளிச்சம் பின்பக்கமாக உள்ளே வந்து அத்தனை முகத்திலும் விழும். அடுத்த வளைவில் மறைந்துவிடும். ஜீப்பு வலது பக்கம் ஒடிக்கும்போது எல்லாத் தலையும் சேர்ந்து ஒரு பக்கம் சாயும். இடது பக்கம் ஒடித்தால் சேர்ந்து மறுபக்கம். காற்றில் நெல்வயல் சாயுமே, அது மாதிரி. ஒருத்திகூட முழிக்கவில்லை. மடியில் இருந்த தூக்குச்சட்டியைப் பிடித்த கை மட்டும் தூங்கவில்லை. கஞ்சி ஒரு சொட்டு சிந்தவில்லை. ஓரத்தில் இருந்தவள் விழுந்துவிடாதபடி அவள் முந்தானையை இன்னொருத்தி கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். அவளும் தூக்கத்தில்தான் இருந்தாள்.

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அதன் நடுவில் இத்தனை பேர் குழந்தை மாதிரி தூங்குகிறார்கள். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ முறை மலை ஏறியிருக்கிறேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மெட்டில் குளிர்காற்று முகத்தில் அடித்ததும் யாரும் எழுப்பாமலே முழித்து, தலையை அள்ளி முடிந்துகொண்டார்கள். தோட்டத்தில் இறங்கியபோது அந்த அக்காவிடம் கேட்டேன். "தெனமும் இப்பிடித்தேன் தூங்குவீகளாக்கா?"

"பெறகு எங்கிட்டுத் தூங்க? சாமத்துல எந்திரிச்சு ஆக்கி வச்சுட்டு ஓடியாறோம். வீட்டுல புள்ளைக விடாது, காட்டுல கங்காணி விட மாட்டான். இந்த ஏத்தம் ஒண்ணுதேன் நமக்குன்னு இருக்கு. உன் வண்டியில ஏறுனா கண்ணையும் மூட முடியல, வாயையும் மூட முடியல. வளைவுக்கு வளைவு சாமியக் கூப்பிட வேண்டியிருக்கு!"

"பாட்டு?"

"சாயந்தரம் எறங்குறப்ப போடு, நாங்களும் கூடச் சேந்து பாடுறோம். விடியக்காலையில எவளுக்கு அப்பு பாட்டு வேணும்?"

எனக்கு வந்த ஆச்சரியத்தில், ஓட்டினவனிடம் போய், "நீ இவுகளுக்காகத்தேன் மெதுவா ஓட்டுறியா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இவுகளுக்காகவா? வெரட்டுனா இஞ்சின் சூடாகி நின்னுபோகும் மாப்ளே, அதேன்" என்றான். அவர்கள் தூங்குவதே அவனுக்குத் தெரியாது! எதை விற்கிறோம் என்று தெரியாமலே அவன் விற்றுக்கொண்டிருந்தான். நான் வேகத்தைக் கடை பரப்பி வைத்துக்கொண்டு, ஏன் வாங்கவில்லை என்று அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கப்பிள்ளையின் ஆபீசு கண்ணுக்கு எதிரே இருந்தது. போகவில்லை. உத்தரவு போட்டு ஆளை ஏற்றிவிடலாம். கண்ணை மூட வைக்க முடியுமா? நம் மேல் நம்பிக்கை வந்தால்தானே ஒருவர் நம் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடுவார்? பிள்ளைகளா, அதை வாங்குவதுதான் வியாபாரத்திலேயே கஷ்டமான காரியம் என்று நினைக்கிறேன்.

பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் ஓட்டும் விதத்தை மாற்றினேன். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, குலுக்காமல் திருப்பப் பழகினேன். நாலைந்து நாள் காலியாகத்தான் ஏறினேன். முதலாளி சொன்ன கெடு முடிகிற சமயம், அந்த அக்கா இன்னும் சில பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"உன் வண்டி நத்தை மாதிரி ஊருதுன்னு காட்டுல பேச்சு. இன்னிக்கு ஒருநாள் பாப்போம். குலுக்குனே, நடுவழியில எறங்கிருவோம், ஆமா."

முந்தல் தாண்டியது. ஏற்றம் தொடங்கியது. பின்னால் பேச்சு ஓயவில்லை. முதல் வளைவு, அடுத்த வளைவு. புலியூத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாமியார் கதை ஒன்று பாதியில் நின்றது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை, இஞ்சின் சத்தம் மட்டும். திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, பார்க்கவில்லை. இத்தனை பேர் தங்கள் உயிரைத் தூக்கத்தோடு சேர்த்து என் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்ததும், அடுத்த வளைவுக்கு இன்னும் முன்னாலேயே கியரைக் குறைத்தேன்.

தோட்டத்தில் அவர்களை இறக்கிவிட்டேன். எல்லோரும் செடிகளுக்குள் போய் மறைந்த பிறகு, பின்பக்கம் ஏறி, அந்த அக்கா உட்கார்ந்திருந்த மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையைச் சாய்த்தேன். இரும்புக் கம்பி சில்லென்று மண்டையில் இடித்தது. சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய டயர் டியூபை எடுத்து, வார் வாராக அறுத்து, அந்தக் கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மறுபடி தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் இன்னும் உறுத்தியது. அவிழ்த்து, திரும்பக் கட்டினேன்.