ஈசானிய மூலையில் ஒரு குளம்

மனைப்பிரிவுகளில் மழைத்தண்ணீர் போக வழி வரைந்து கொடுப்பது என் தொழில். வெயில் காலத்தில் 'இதெல்லாம் எதுக்கு' என்பார்கள், மழைக் காலத்தில் 'இதைக்கூடச் செய்யலையா' என்பார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே வீடு கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியையோ புடவையையோ முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ரயில் பிடிக்கப் போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நாமெல்லாம் ஒரே தண்ணீரில் நின்றவர்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில், தாம்பரத்தில் மனை விற்கிற ஓர் ஆபீசில் நான் இன்ஜினியர். முதலாளி பெயர் ரத்தினம். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே கொஞ்சம் வயலும் கொஞ்சம் கரம்பும் வாங்கி, தன் மகள் பெயரில் 'சுகந்தி நகர்' என்று கல் நட்டார். இங்கே எழுதுவதெல்லாம் அந்த ஒரு நகரில் நடந்தவை. மற்ற நகர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். வேறு முதலாளி, வேறு மகள், அவ்வளவே.

குளம் எங்கே வெட்டுவது

அந்த நிலத்தை மட்டம் பார்த்தபோது வடகிழக்கு மேடாகவும் தென்மேற்கு தாழ்வாகவும் இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் எல்லாம் தென்மேற்கு மூலைக்கு வந்து, ரயில் பாதை ஓரம் ஓடும் ஏரிக் கால்வாயில் விழும். வயலாக இருந்தவரை வரப்புக்கு வரப்பு நின்று நிதானமாகப் போன தண்ணீர், வீடும் தார் ரோடும் வந்துவிட்டால் மொத்தமாக ஒரே நேரத்தில் கீழே இறங்கும். கால்வாய் தாங்காது. அதனால் தென்மேற்கு மூலையில் நாலு மனை அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டி, தண்ணீரைச் சற்று நேரம் அதில் பிடித்து வைத்து, சின்னக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்வாய்க்கு விடலாம் என்று வரைந்து கொடுத்தேன்.

ரத்தினத்துக்குப் பள்ளம் பிடிக்கவில்லை, ஆனால் குளம் பிடித்தது. நோட்டீசில் போடலாம் அல்லவா! படத்தை எடுத்துக்கொண்டு மனையடி சாஸ்திரம் பார்ப்பவரிடம் போனார். கன்னி மூலையான தென்மேற்கில் பள்ளம் விழுந்தால் நகரே விளங்காது, தண்ணீர் இருக்க வேண்டிய இடம் ஈசானிய மூலையான வடகிழக்குதான் என்று அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். வடகிழக்கு மேடு, தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். குளம் ஈசானிய மூலையிலேயே வெட்டப்பட்டது. மீனுக்குப் பொரி போடுகிறவர்கள் உட்காருவதற்காகக் கரையில் சிமென்ட் பெஞ்சுகூடப் போட்டார்கள். பள்ளத்துக்கு நான் குறித்த இடத்தை மனையாகப் பிரித்து, நான் விடாமல் கத்தியதற்காகக் கடைசி இரண்டு மனைகளுக்கு நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு வாய்க்கால் மட்டும் விட்டார்கள். முதலாளி என் தோளில் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "தண்ணிக்கு நாம வழி சொல்லித் தரலாம் தம்பி, சாஸ்திரத்துக்கு யாரு சொல்லித் தர்றது?"

சித்திரையில் வேன், ஐப்பசியில் லீவு

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மனை காட்டுவதெல்லாம் சித்திரை வைகாசியில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலிலிருந்து வேன் கிளம்பும். வருகிறவர்களுக்கு மோர், புளியோதரைப் பொட்டலம், போட்டோவுக்கு நிற்கக் கலர் துணிப் பந்தல் எல்லாம் உண்டு. பாளம் பாளமாக வெடித்த பூமியைப் பார்த்தால் தண்ணீர் என்ற நினைப்பே யாருக்கும் வராது. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வேன் எப்போதும் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும். பழுதே இல்லாத வருஷத்திலும் அங்கேதான் இருக்கும்.

அப்படி ஒரு சித்திரை வேனில் வந்தவர்கள் ஸ்டெல்லா டீச்சரும் அவர் கணவர் அந்தோணியும். அந்தோணி ரயில்வேயில் வேலை பார்த்தவர். டியூட்டியில் அடிபட்டு இடது கால் சரியாக ஊன்ற வராது. ஸ்டேஷனுக்குப் பக்கமாக, அதிகம் நடக்காமல் ஒரு இடம் வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஸ்டேஷனுக்குப் பக்கம் தென்மேற்கு மூலை. அந்த வேனில் வந்தவர்களில் டீச்சர் ஒருவர்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?" நிற்கும் மேடம், மேட்டுப் பக்கமாக மனை பாருங்கள் என்று நான் பளிச்சென்று சொல்லிவிட்டேன். அந்தோணி தன் காலைப் பார்த்தார், பிறகு மேட்டைப் பார்த்தார். அந்த இடைவெளியில் எங்கள் ஆபீசில் மனை விற்கிற பாபு உள்ளே புகுந்து, தூரத்தில் மேட்டின் மேல் இருந்த குளத்தைக் கைநீட்டிக் காட்டினான்: "அவரு இன்ஜினியர் மேடம், குடிக்கிற தண்ணியப் பாத்தாலே பயப்படுவாரு. தண்ணிக்குன்னுதான் தனியா கொளமே வெட்டி வெச்சிகீறோமே!"

முதல் மழை

அந்த மூலையில்தான் வீடு கட்டினார்கள். தரையை ரோட்டைவிட இரண்டடி உசத்திப் போடச் சொன்னேன், மறுபேச்சு இல்லாமல் போட்டார்கள். அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் மனசு கேட்காமல் அஸ்தினாபுரத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பிப் போனேன். ஈசானிய மூலைக் குளத்தின் அடியில் நாலு தவளை கத்துகிற அளவுக்குத் தண்ணீர். தென்மேற்கில் தெருவே தெரியவில்லை. டீச்சர் வீட்டு மேல்படி மட்டும் தண்ணீருக்கு வெளியே இருந்தது.

அந்தோணி வாசலில் நாற்காலி போட்டு, நல்ல காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் அளந்து அளந்து கால் வைத்து வருகிற என்னைக் கண்டதும் சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவருக்குக் கோபமே வரவில்லை: "சார், ஸ்டேஷன் பக்கத்துல வீடு வேணும்னுதான கேட்டேன், ஹார்பர் பக்கத்துல கேக்கலையே?"

பக்கத்து வீட்டைவிட ஒரு அடி

பிறகு நான் அந்த ஆபீசை விட்டு விலகி, சொந்தமாக வீட்டு பிளான் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். தொண்ணூறுகளில் நம் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும்: தரைமட்டம் என்பது பூமியைப் பார்த்து வைப்பதில்லை, பக்கத்து வீட்டைப் பார்த்து வைப்பது. அவர் இரண்டடி போட்டால் நாம் மூன்றடி, அடுத்தவர் நாலடி. லாரி லாரியாகக் கிராவல் வந்து இறங்கும். எல்லாரும் ஏறி முடித்த பிறகு ரோட்டுக்கும் ஆசை வந்து அதுவும் ஏறும். முதலில் கட்டியவர்தான் கடைசியில் பள்ளத்தில் இருப்பார்.

டீச்சர் வீட்டுக்கு அடுத்த மனையை வாங்கிய கோபாலன் பேங்கில் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர், சாது. டீச்சர் வீட்டைவிட ஒரு அடி உசத்திப் பிளான் போட என்னிடம்தான் வந்தார். இவ்வளவு உசத்தினால் உங்கள் மனைத் தண்ணீர் முழுக்க டீச்சர் வீட்டுக்குப் போகும், அந்த வீட்டில் கால் முடியாத மனிதர் இருக்கிறார் என்று எடுத்துச் சொன்னேன். கோபாலன் ரொம்ப வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடேயே சொன்னார்: "பாவம்தான் சார். ஆனா தண்ணி எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?"

வாய்க்காலில் கம்பி வலை

அந்தப் பிளானை நான் போட்டுக் கொடுக்கவில்லை, வேறொருவர் போட்டுக் கொடுத்தார். வீடு எழும்பியது. கோபாலனுக்கும் டீச்சருக்கும் நடுவே நான் சண்டை போட்டு வாங்கிய மூன்றடி வாய்க்கால் இருந்தது அல்லவா, அதையும் ரத்தினம் கோபாலனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார் என்பது காம்பவுண்டுச் சுவர் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. டீச்சர் கேட்டுக்கொண்டதன் பேரில் கோபாலன் சுவரின் அடியில் தண்ணீர் போக ஒரு ஓட்டை விட்டார். ஓட்டை வழியாகச் சாரைப்பாம்பு வந்ததும் அதற்குக் கம்பி வலை அடித்தார். முதல் மழையிலேயே வலையில் பிளாஸ்டிக் பைகள் வந்து அப்பிக்கொண்டன. அதோடு சுகந்தி நகரின் தண்ணீருக்கு இருந்த ஒரே வாசலும் அடைபட்டது.

வலையை எடுக்கச் சொல்லி நானும் டீச்சரும் போய்க் கேட்டோம். டீச்சர் கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அந்தோணி அதற்குள் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். தண்ணீர் உள்ளே வந்தால் அவரைத் தூக்க ஆள் இல்லை. கோபாலன் காபி கொடுத்தார். அவர் மனைவி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். வலை விஷயம் வந்ததும் கோபாலன் கைகூப்பினார்: "தண்ணி தாராளமா வரட்டும் சார், நான் வேணாம்னே சொல்லலை. பாம்பை மட்டும் விட்டுட்டு வரச் சொல்லுங்க."

குளக்கரை பெஞ்சு

அந்தக் கார்த்திகையில் தண்ணீர் டீச்சர் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்கு வந்தது. தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. தெருக்காரர்கள் கட்டிலோடு அந்தோணியைத் தூக்கி, இடுப்புத் தண்ணீரில் ஜி.எஸ்.டி. ரோடு வரை கொண்டுபோனார்கள். கட்டிலின் முன்காலைப் பிடித்தவர் கோபாலன், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார் அந்தோணி. பிறகு போய்விட்டார்.

ஸ்டேஷன் பக்கத்தில் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்கு அவர் உடலைக் கொண்டுவர முடியவில்லை. வாசலில் இன்னும் தண்ணீர் வடியவில்லை. செத்தவரை வீட்டில் கொஞ்ச நேரமாவது வைக்காமல் எடுப்பதா என்று டீச்சர் தவித்தார். நகரில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஈசானிய மூலைக் குளக்கரை. மீனுக்குப் பொரி போடுவதற்கென்று கட்டிய பெஞ்சுகள் இரண்டின் மேல் பெட்டியை வைத்தோம். சர்ச் சாமியார் ஜெபம் சொன்னார். மேலே நின்று பார்த்தால் நகரின் சரிவு முழுக்கத் தெரிந்தது. கீழே தண்ணீருக்கு நடுவில் அவர்கள் வீடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் அழவில்லை. பெட்டியின் மேல் கை வைத்தபடி, குரலே எழும்பாமல் சொன்னார்: "கடைசியில இவருக்கு மேட்டுல இடம் கிடைச்சிடுச்சு சார்."

வீடு விற்பனைக்கு

அஸ்தினாபுரத்தில் என் தெருவில்தான் டீச்சரின் தங்கை வீடு. வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்று தங்கையும் சொன்னார், நானும் சொன்னேன். இன்னொரு மழையை அந்த வீட்டில் தனியாகத் தாங்க முடியாது என்று டீச்சருக்கே தெரிந்திருந்தது. சரி என்றார். வீடு பார்க்க ஆள் கூட்டி வந்தது யார் தெரியுமா? பாபுதான். இப்போது சொந்தமாகப் புரோக்கர். தேர்ந்தெடுத்த மாதம், வேறென்ன, சித்திரை. ஹால் சுவரில் கட்டில் உயரத்துக்குப் பழுப்பாக ஓடிய தண்ணீர்க் கறையின் மேல் ஒரு கை பெயிண்ட் அடித்துவிடச் சொல்லியிருந்தான். டீச்சர் அடிக்கவில்லை. இந்தம்மா எல்லார் மனை விலைக்கும் உலை வைக்கிறார் என்று தெருவில் முணுமுணுப்பு வேறு. டீச்சருக்கு எடுத்துச் சொல்லுங்கள் சார் என்று பாபு என்னையும் இழுத்து வந்திருந்தான்.

வந்தவர்கள் சின்ன வயதுத் தம்பதி. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். நடக்கிற தூரத்தில் ஸ்டேஷன் என்று அவளுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி, "மழைக்கு இங்க தண்ணி நிக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பாபுவின் கை பழக்கத்தில் குளம் இருந்த பக்கமாக நீண்டது. டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இந்த ஒரு வார்த்தையில் தன் வீடு விலை போகாமல் போகும், அடுத்த மழைக்கும் இங்கேயேதான் கிடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு வெயில்ல காட்டினாங்கம்மா. உனக்கு நான் மழையிலதான் காட்டுவேன், ஐப்பசியில வா."

ஐப்பசியில் வீடு பார்க்க ஊரப்பாக்கத்தில் வந்து இறங்கியவர்கள் யாரையும் இன்றுவரை நான் கண்டதில்லை என்பதால், டீச்சர் அந்த மூலையில்தான் இருக்கிறார், நானும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டுதான் இருக்கிறேன்.