பொரிப்பகத்தில் பதினைந்து ஆம்பியர்

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் சின்னவள்தான். கடைக்குட்டியாகப் பிறந்ததில் ஒரு வசதி உண்டு, எந்தப் பொறுப்பும் தலையில் விழாது. ஒரு தொல்லையும் உண்டு, என்ன சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அலங்கார விளக்கு செய்யும் தொழிற்கூடத்தில் அவள் சோதனை மேசையில் உட்காருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "பல்பு எரியுதான்னு பாப்பா போல" என்பதோடு சரி.

உண்மையில் அது கணக்கு வேலை. வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை எத்தனை ஓம் என்று வரும். இரண்டையும் பெருக்கினால் வாட். இந்த இரண்டு கணக்கை வைத்துக்கொண்டு, விளக்கைப் பிரிக்காமலே அதன் வயிற்றில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள்.

அன்று காலை அக்காவிடமிருந்து போன். அவள் நடத்தும் கோழிப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டியின் ஹீட்டர் எரிந்துபோய்விட்டது. பீரோ உயரப் பெட்டி, தட்டுத் தட்டாக முட்டை, எல்லாம் பொரிக்கப் போகிற தறுவாயில். புது ஹீட்டர் வர இரண்டு நாளாகும் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். வேறொரு பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அத்தான் வேன் பேசப் போனார். இந்த நேரத்தில் வண்டியில் குலுங்கினால் பாதிக்குப் பாதி தேறாது.

"எந்தங்கச்சி கம்பி சுத்தித் தருவா" என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். பெட்டியைச் சுற்றிப் போர்வை, உள்ளே வெந்நீர்ப் பாட்டில்கள் என்று ஒருவழியாகச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தாள்.

சின்னவள் தொழிற்கூடத்திலேயே ஹீட்டர் கம்பியைச் சுற்றி, எழுபத்தேழு ஓம் இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டு ஓடி வந்தாள். இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு அது மூன்று ஆம்பியர் இழுக்கும், அறுநூற்றுத் தொண்ணூறு வாட் கொடுக்கும். பழைய ஹீட்டரும் அதே அளவுதான். பெட்டிக்குள் மாட்டினாள். பையிலிருந்த தன் சோதனைக் கம்பியைச் சுவிட்சுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் இணைத்து, கம்பியைக் கவ்வி அளக்கும் மீட்டரை அதில் பிடித்துவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

சுவரில் இருந்த வோல்ட் மீட்டர் இருநூற்று முப்பது காட்டியது. கையிலிருந்த மீட்டர் பதினைந்து ஆம்பியர் காட்டியது.

வகுத்துப் பார்த்தாள், வெறும் பதினைந்து ஓம். பெருக்கிப் பார்த்தாள், மூவாயிரத்து நானூற்று ஐம்பது வாட். முட்டைப் பெட்டிக்குள் அடுப்பே வைத்த மாதிரி. பட்டென்று சுவிட்சை அணைத்தாள்.

"ஏண்டி அணைச்சே?"

"கம்பி எங்கயோ ஒண்ணோட ஒண்ணு தொடுதுக்கா. அப்படியே விட்டா முட்டை வெந்துடும்."

வாசலிலிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். "வேன் வந்துடுச்சு. ஏத்திடலாமா?"

"கொஞ்சம் இருங்க அத்தான்."

டார்ச்சை அடித்துச் சுருள் முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு வளையம்கூட இன்னொன்றைத் தொடவில்லை. உள்ளே சூடு இறங்கிக்கொண்டே வந்தது. ஓம் பார்க்கும் மீட்டரோ தொழிற்கூடத்தில். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஃப்யூஸைக் கழற்றினாள், அது முழுசாக இருந்தது.

"அக்கா, இதுல தடிக் கம்பி ஏதாவது போட்டு வச்சிருக்கியா?"

"நான் எதுக்குடி அதுல கை வைக்கப் போறேன்? அஞ்சு ஆம்பியர்னு சொல்லி நீதானே மாட்டுன?"

ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் பதினைந்தைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்குமா? எப்போதோ உருகியிருக்க வேண்டும். இப்போதுதான் அவள் தன் சோதனைக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஐந்து சுற்று சுற்றி, டேப் ஒட்டிய கம்பி.

தொழிற்கூடத்து விளக்குகள் இழுக்கும் கரண்ட் துளியூண்டு, மீட்டர் அதைச் சட்டையே செய்யாது. அதனால் கம்பியை மீட்டரின் வாய்க்குள் ஐந்து முறை சுற்றி விடுவார்கள், கரண்ட் ஐந்து மடங்காகத் தெரியும், ஐந்தால் வகுத்துக்கொள்வார்கள். வருஷக் கணக்காகச் செய்கிற வேலை. அக்கா முகத்தைப் பார்த்த பதற்றத்தில் வகுக்க மறந்துவிட்டாள். பதினைந்தை ஐந்தால் வகுத்தால் மூன்று. கணக்குப் போட்டுச் சுற்றிக் கொண்டுவந்த அதே மூன்று!

தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து ஃப்யூஸை மாட்டி, மீட்டரை ஒற்றைக் கம்பியில் பிடித்துச் சுவிட்சைப் போட்டாள். மூன்று ஆம்பியர். வெப்பமானியின் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. அக்கா ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே கருப்பாக ஒன்று துள்ளியது.

"உசிரு இருக்குடி" என்றாள். சின்னவளின் தோளில் ஓங்கி ஒரு அடியும் வைத்தாள்.

அத்தான் உள்ளே வந்தார். சின்னவள் மழுப்பவில்லை. "ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு அத்தான். நாந்தான் கணக்குல கோட்டை விட்டுட்டேன். அஞ்சால வகுக்கணும், வகுக்கல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். யாராவது மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிடலாம் என்பார், வழக்கமாக எல்லோரும் சொல்வதுதான்.

"இப்ப சரிதானே?" என்று கேட்டார் அத்தான்.

"சரிதான் அத்தான்."

அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய், "நீ கிளம்புப்பா, வேன் வேண்டாம். எங்க வீட்டுச் சின்னவ சொல்லிட்டா" என்றார்.