பெயர்ப்பலகைக்கு வேய்ந்த கூரை

நேற்று வேப்பூர் சாலையோரத்தில், பழுத்த இரும்பை எண்ணெயில் முக்கியபோது எழுந்த புகை மூக்கில் ஏறியதும், அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தின் பீங்கான் கொட்டகைகளுக்குப் போகும் சாலையில் என் சித்தப்பா ஆரம்பித்த கத்திப் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. இரும்பின் நிறம் பார்த்துத் தோய்க்க உலைக்கு நிழல் வேண்டும் என்பது அத்தொழிலின் அரிச்சுவடி. அவரோ பஸ்ஸில் போகிறவர்கள் தம்மைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே உலையை வெட்டவெளியில் வைத்து, வெயிலில் நிறம் தெரியாமல் இரும்பை அளவுக்கு மீறிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, கண்ணாடியாய் மினுக்கி விற்றார்.

கரும்பு வெட்டும் செல்லம்மா வாங்கிய கத்தி முதல் நாளே பீங்கான் போல உடைந்து, தெறித்த துண்டு அவள் விரல்களை ஆழமாகக் கிழித்தது. துணி சுற்றிய கையோடு வந்து நின்றாள்.

“ஏங்க, இது வெட்டறதுக்கா, வூட்டுல மாட்டிக் கும்புடறதுக்கா? கரும்பு வெட்டு முடியற வரைக்கும் எம்புள்ளைங்க எதத் திங்கும்?”

“வெட்டத் தெரியாதவ கையில எதக் குடுத்தாலும் ஒடியும். வெயிலு ஏறுது, போ,” என்றார் சித்தப்பா.

வெயிலின் கொடுமை அவருக்கும் தெரிந்தேயிருந்தது. மறுநாளே கூரை வேய ஆள் வந்தது. உலைக்கு அல்ல, வர்ணம் வெளுக்காமலிருக்கப் பெயர்ப்பலகைக்கு.