புருவ மத்தியில் ஓர் ஊசி

அந்தப் பெண்ணின் விரலை நான் பார்த்தபோது காயத்தில் சீழ் பிடித்திருந்தது. நூற்பு மிஷினின் உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் கொக்கியால் அதை வெட்டி எடுக்க வேண்டும். எடுக்கும்போது கொக்கி விரலைக் கிழித்திருக்கிறது. அவள் பஞ்சையே வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அடுத்தடுத்த நாட்களும் வேலைக்கு வந்திருந்தாள்.

சிங்காநல்லூரைத் தாண்டி இருக்கும் ஒரு நூற்பாலையில் நான் தரப் பிரிவைப் பார்க்கிறேன். நூலின் தரம் மட்டுமல்லாமல், ஷெட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு ஏதாவது ஆனால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் தாராபுரம் பக்கத்துக்காரி. முப்பது வயதிருக்கும், ஆலை விடுதியில் தங்கியிருக்கிறாள். மருந்து வைத்துக் கட்டியபின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் வந்தனுங்க மேடம். நீங்க ரொம்பக் கோவமா இருந்தீங்க. சரி, அப்புறமேட்டுக்குச் சொல்லிக்கலாம்னு போயிட்டனுங்க."

அன்று மாலை அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். யார் மீதும் எனக்குக் கோபம் இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அரிசிம்பருப்பு சோறு வைப்பதா, கத்தரிக்காய் கடைவதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

என் இரண்டு புருவங்களுக்கும் நடுவே, செங்குத்தாக இரண்டு கோடுகள் உண்டு. நல்ல நூலையும் கெட்ட நூலையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்து விழுந்தவை. ஐம்பது வயதுக்கு மேல் அவை ஆழமாகிவிட்டன. கோபமா என்று கேட்காதவர்கள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டிருக்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். என் முகத்தைப் பார்த்து ஒருத்தி காயத்தை மறைத்ததைக் கடக்க முடியவில்லை. அடுத்த முறை மறைப்பது விரலைவிடப் பெரியதாக இருக்கலாம். ஷெட்டில் இருக்கும் பெண்கள் பயமில்லாமல் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். அதற்கு முகத்தை மாற்ற வேண்டுமானால் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் கண்ணாடி முன் நின்று நெற்றியைத் தளர்த்திப் பழகினேன். கண்ணாடி முன் நன்றாகவே வந்தது. நூலைக் கையில் எடுத்தவுடன் புருவம் தானாகக் கூடிவிடும். ஒரு மாதம் பார்த்தேன். ஊசிதான் வழி என்று தெரிந்தது.

சுருக்கத்தைத் தளர்த்தும் அந்த ஊசியைப் பற்றி வீட்டில் சொன்னபோது என் கணவர் தன் கடைசல் பட்டறையின் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தன வருஷமா அந்தக் கோட்டப் பாத்துத்தான் ஊட்டுக்குள்ள வரலாமா, வேண்டாமான்னு முடிவு பண்றேன். அதைய அழிச்சுப்போட்டா நான் எப்படிங்க அம்மணி பொழைக்கறது?"

அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு நல்ல எச்சரிக்கை இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

அழகு நிலையம் ஒன்றில் சலுகை விலையில் போடுவதாகப் பலகை வைத்திருந்தார்கள். அங்கே போகவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும், முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற தோல் மருத்துவர் ஒருவரிடம், ஒரு வியாழக்கிழமை போனேன். என்னைவிட வயதில் இளைய பெண். கேள்விகளை முன்பே எழுதி எடுத்துப் போயிருந்தேன், அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். இது ஒரு கிருமியின் விஷத்திலிருந்து எடுப்பது என்று படித்தேன், உண்மையா என்றேன். உண்மைதான் என்றார். மிகச் சிறிய அளவில் ஒரு தசைக்குள் போடும்போது, நரம்பு அனுப்பும் உத்தரவு அந்தத் தசைக்கு மட்டும் எட்டாது. அதனால் தசை சுருங்காது. சில மாதங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று விளக்கினார். கோடு முழுவதும் மறையுமா என்றதற்கு, இரண்டு விரலால் என் புருவ மத்தியை விரித்துப் பார்த்தார். முகம் சும்மா இருக்கும்போதே பதிந்து கிடக்கிற கோடு மங்கும், அடியோடு போகாது என்றார். முதல் சந்திப்பிலேயே இப்படிச் சொல்லும் மருத்துவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அவர் என்னைக் கேட்டார். கர்ப்பமோ, பால் கொடுப்பதோ உண்டா என்றபோது இருவரும் சிரித்துவிட்டோம். நரம்பு, தசை நோய் ஏதும் இருக்கிறதா, எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊசி குத்திய இடம் கன்றிப்போகலாம். ஆனால் அதை நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்க வேண்டும். எனக்கு இரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான்.

என்ன வேலை என்று கேட்டார். நூற்பாலையில் தரப் பிரிவு அதிகாரி என்றேன். இவ்வளவு கேள்விகளை எழுதிக்கொண்டு போன நான், இந்த ஒரு கேள்விக்குப் பதவியின் பெயரை மட்டும் சொன்னேன். புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றியில் குறுக்காகவும் கோடுகள் விழுந்தன. அதற்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா, உங்கள் விருப்பம்தான் என்றார். வந்ததே வந்தோம் என்று சரி சொல்லிவிட்டேன்.

மருந்துப் புட்டியை என் கண் முன்னால் திறக்கச் சொன்னேன். பெயரையும் காலாவதி நாளையும் காட்டினார். எவ்வளவு மருந்து, எங்கெங்கே என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கோபப்படுவதுபோல முகத்தை வைக்கச் சொல்லி, பேனாவால் புள்ளி வைத்தார். வலி பெரிதாக இல்லை. மெல்லிய ஊசி, கட்டெறும்பு கடித்ததுபோல. எழுந்தபோது கொசு கடித்த தடிப்பாகச் சில இடங்கள் வீங்கியிருந்தன. கணவரின் காரில் வீடு சேர்வதற்குள் அவை அமுங்கிவிட்டன.

அன்று என் ஸ்கூட்டரை எடுக்காமல் அவரை வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. போட்ட இடத்தை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. ஹெல்மெட்டின் விளிம்பு சரியாக நெற்றியில்தான் உட்காரும். நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது. மருந்து பக்கத்துத் தசைக்கு நகர்ந்தால் கண் இமை கொஞ்ச நாள் தொங்கிவிடுவதுண்டு. அப்படி ஆனால், அல்லது முழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், காத்திருக்காமல் வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் வைத்துத் தலையை அரக்கித் தேய்த்துக் குளிப்பதை அந்த வாரம் விட்டேன். கோயிலிலும் திருநீற்றைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

ஊசி போட்டவுடன் முகம் மாறாது. முதல் இரண்டு நாள் கண்ணாடியில் அதே ஆள்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் புருவம் கூட்டினால் பாதியில் நின்றது. அடுத்த வாரக் கடைசியில் சுத்தமாக நின்றது. ஜன்னல் ஓரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்து வெளிச்சத்தில் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தேன். கோடுகள் மங்கியிருந்தன, நெற்றி வழவழவென்று இருந்தது. இமை தொங்கவில்லை. ஊசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

ஷெட்டில்தான் கோளாறு தெரிந்தது. உள்ளே மிஷின்கள் ஓடும் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பஞ்சுத் தூசிக்காக எல்லோரும் மூக்கையும் வாயையும் மறைத்து மாஸ்க் போட்டிருப்போம். அதனால் அங்கே பேச்சு முழுக்கக் கண்ணும் புருவமும்தான். புருவத்தை உயர்த்தினால், என்ன ஆச்சு என்று கேட்கிறேன். புருவத்தைக் கூட்டினால், நிறுத்து, மறுபடி பார் என்கிறேன். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான்கூட இதை ஒரு பேச்சாக நினைத்ததில்லை. நினைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லியிருப்பேன்.

ஒரு மிஷினில் நூல் தடித்தும் மெலிந்தும் வந்துகொண்டிருந்தது. விரலில் காயம்பட்ட அதே பெண்தான் அங்கே நின்றாள். நிறுத்து என்று புருவத்தைக் கூட்டிப் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், அடுத்த பக்கம் போய்விட்டாள். நான் நடந்து போய்க் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் நூல் சுற்றிய பாபின்கள் நிறைய வீணாகிவிட்டன. அவற்றை ஒதுக்கி வைத்துக் கணக்குக் காட்டிவிடலாம். ஆனால் அன்று மாலையே இன்னொன்றைக் கவனித்தேன். அவள் ஏதோ சொல்ல வருவதுபோல என் பக்கம் இரண்டடி வந்தாள். நான் புருவத்தை உயர்த்தினேன். அதாவது உயர்த்தியதாக நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

கேன்டீனில் யாரோ, மேடம் மூஞ்சிக்கு இஸ்திரி போட்டுவிட்டார்கள்போல என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தது என் காதிலும் விழுந்தது. சிரித்தது பரவாயில்லை. எதற்காக ஊசி போட்டேனோ அது நடக்கவில்லை என்பதுதான் உறுத்தியது.

இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்த நாளில் மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதைய மொதல்லயே சொல்லீருந்தா நெத்தியில கையே வெச்சிருக்க மாட்டனேங்க."

இதை முறிக்க மாற்று மருந்து கிடையாது, தானாகத் திரும்பும்வரை பொறுக்க வேண்டியதுதான் என்றார். மூன்று நான்கு மாதம் ஆகலாம். உதட்டிலும் கன்னத்திலும் பள்ளம் நிரப்பப் போடும் ஊசி வேறு; அதில் சிலவற்றைக் கரைக்க முடியும், இதைக் கரைக்க முடியாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர் என்றார். அடுத்த முறை வந்தால் புருவ மத்திக்கு மட்டும், அதுவும் குறைத்துப் போடலாம், நெற்றியை விட்டுவிடலாம் என்று சீட்டில் எழுதினார்.

மூன்று நான்கு மாதம் ஷெட்டைப் பேச்சில்லாமல் விட முடியாது. மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்குமுன், ஷெட்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில் எல்லாரையும் நிறுத்தினேன். மாஸ்க்கைக் கழற்றினேன். ஊசி போட்டுக்கொண்டதை மறைக்காமல் சொன்னேன். எந்த இடத்தில், எதற்காக, எது அசையும், எது அசையாது என்று தொட்டுக் காட்டினேன். கேன்டீனில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. காயம்பட்ட பெண்தான் முதலில் பேசினாள்.

"முன்னயாவது கோவம்னா கோவம்னு தெரியுமுங்க மேடம். இப்ப ஒண்ணுமே தெரியறதில்லீங்க."

"அன்னிக்கும் எனக்குக் கோவமில்ல கண்ணு. ராத்திரிக்கு அரிசிம்பருப்பு வெக்கலாமா, கத்திரிக்காய் கடையலாமான்னு நின்னுட்டிருந்தேன்."

"அரிசிம்பருப்புக்கேவாங்க அந்த மூஞ்சி?"

அதன்பிறகு சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அங்கேயே நின்று கைச்சைகைகளைப் பேசி முடிவு செய்தோம். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. கையைத் திருப்பினால் என்ன ஆச்சு. யாருக்காவது அடிபட்டால் அல்லது மிஷினில் ஆபத்து என்றால், என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் நேரே வந்து என் தோளைத் தட்டலாம். நான் யாரோடு நின்றாலும் தட்டலாம், முதலாளியோடு நின்றாலும் தட்டலாம். அதன் பிறகு ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் குழாயடியில் ஐந்து நிமிடம் நின்று, நேற்று என்ன என்று கேட்பது வழக்கமாயிற்று.

ஆனாலும் முதல் சில வாரங்கள் யாரும் தட்டவில்லை. தட்டும்படி எதுவும் நடக்கவில்லையா, இன்னும் பயமா என்று தெரியவில்லை. குழாயடியில் நிற்பதை நான் விடவில்லை.

நெற்றியின் அசைவு முதலில் திரும்பியது. புருவ மத்தி அதற்குப் பின். கோடுகள் மறுபடி ஆழமாகத் தொடங்கியதும் இரண்டாம் முறை போனேன். இத்தனைக்குப் பிறகும் எதற்கு என்று கணவர் கேட்டார். கோபமில்லாதபோது கோபமாகத் தெரிவதில் எனக்கு இப்போதும் விருப்பமில்லை என்றேன். இந்த முறை மருத்துவர் கேட்குமுன், என் முகம் எங்கே என்ன வேலை செய்கிறது என்று இரைச்சல், மாஸ்க், சைகை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் முறை போகிறவர்கள் மாத்திரைகளின் பட்டியலோடு இதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் வேலையோ, மேடையில் பாடுவதோ, காது கேளாத ஒருவரோடு பேசுவதோ, எதுவானாலும் சரி. அளவை நம் முகத்துக்குத் தகுந்தபடி குறைக்க அவர்களுக்குத் தெரியும், நாம் சொன்னால். அன்று புருவ மத்தியில் மட்டும் சில குத்து. நெற்றியைத் தொடவில்லை.

அதற்குப் பிந்தைய மாதம், தணிக்கைக்கு வந்தவர்களோடு ஷெட்டின் நடுவே நின்றுகொண்டிருந்தேன். என் தோளில் தட்டு விழுந்தது, கொஞ்சம் பலமாகவே. திரும்பினால் அந்தத் தாராபுரத்துப் பெண். தணிக்கைக்காரர்களை அவள் பார்க்கவேயில்லை. நான் புருவத்தை உயர்த்தினேன். உயர்ந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஒரு மிஷினின் பல்சக்கர மூடி ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்ததைக் காட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் துப்பட்டா நுனி அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். மிஷின் நின்றது.